நாம் அமர்த்தாத வேலையாட்கள்



வீட்டில் ஒரு கணிப்பொறி இருப்பது இன்று வியப்பன்று. மகனோ மகளோ கல்லூரியில் சேரும்போது கடன்பட்டேனும் ஒன்றை வாங்கித் தருகின்றோம். முதல் ஆண்டில் அது பந்தயக் குதிரைபோலப் பாய்கின்றது. மூன்றாம் ஆண்டில் நொண்டத் தொடங்குகின்றது. ஐந்தாம் ஆண்டில், பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்று காப்பி கலந்து குடித்துத் திரும்பினாலும், திரையில் அந்தச் சிறு வட்டம் இன்னும் சுழன்றுகொண்டே இருக்கின்றது. கடைக்குத் தூக்கிச் சென்றால், "பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்கின்றனர். அல்லது, "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றித் தருகிறோம்" என்கின்றனர். முன்னது கைப்பணத்தைக் கொண்டுபோகும். பின்னது, முன்கூட்டி நகல் எடுத்து வைக்காத வீடுகளில், பிள்ளையின் முதல் நற்கருணை நிழற்படங்களையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமுன் கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு. ஒருவரும் தொடாதிருக்கும் நேரத்தில் அந்தப் பொறி என்ன செய்துகொண்டிருக்கின்றது? விசைப்பலகையில் விரல் படவில்லை. எந்தப் பக்கத்தையும் நாம் திறக்கவில்லை. ஆயினும் உள்ளே விசிறி இரைகின்றது; சிறு விளக்கு விடாமல் மின்னுகின்றது. யாரோ வேலை செய்கின்றனர் என்பது தெளிவு. அவர்களை அமர்த்தியவர் யார்?

கணிப்பொறிக்கு முன்கூட்டியே வேலையைக் குறித்துக் கொடுத்துவைக்கும் வழக்கம் பழையது. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று கோவில்பிள்ளை ஒருவரும் ஏவாமலே மணியடிப்பதில்லையா? அத்தகைய ஏற்பாடு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் என்னும் அமைப்பின் ஏழாம் பதிப்பு 1979-ஆம் ஆண்டு வெளிவந்தபோது, அதில் 'கிரான்' என்னும் சிறு நிரல் ஒன்று இருந்தது. காலத்தைக் குறிக்கும் 'குரோனோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்பர். எந்த நிமிடம், எந்த மணி, மாதத்தின் எந்த நாள், எந்த மாதம், வாரத்தின் எந்தக் கிழமை என ஐந்தையும் ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் செய்யவேண்டிய வேலையைக் குறித்துவிட்டால் போதும். மற்றதைக் கிரான் பார்த்துக்கொள்ளும். நம் வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் விண்டோஸ் கணிப்பொறிக்கு இவ்வசதி 1995-இல், 'பிளஸ்' என்னும் தனிப் பொதியில், 'சிஸ்டம் ஏஜெண்ட்' என்ற பெயரோடு வந்தது. விண்டோஸ் 98-இல் அது 'டாஸ்க் ஷெட்யூலர்' ஆயிற்று. 2007-இல் மக்கள் கைக்கு வந்த விஸ்டாவில் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு, இன்று விண்டோஸ் 11 வரை அதே வடிவில் தொடர்கின்றது. தமிழில் அதனைப் பணிக்குறிப்பேடு என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே சற்று விலகிச் செல்ல வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். கண்ணுக்குப் படாமல் பின்னணியில் ஓடும் இத்தகைய நிரல்களுக்கு யூனிக்ஸ் உலகில் 'டீமன்' என்று பெயர். இதைக் கேட்டுத் திடுக்கிட்ட ஒரு தாய், "பேயின் பெயரை வைத்திருக்கிறார்களே, சாமி, வீட்டில் வைத்திருக்கலாமா?" என்று நம்மிடமே கேட்டதுண்டு. அச்சம் வேண்டா. கிரேக்க மொழியில் 'தைமோன்' என்பது தேவர்க்கும் மாந்தர்க்கும் இடைப்பட்ட ஆவியைக் குறித்த பொதுச்சொல். தீய ஆவியென்னும் பொருள் அதற்குப் பின்னர்தான் நிலைத்தது. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் இயற்பியல் அறிஞர் 1867-இல் ஒரு கற்பனைக் காவலனைப் படைத்தார். வாயிலில் நின்று, விரையும் மூலக்கூறுகளை ஒருபுறமும், மெல்லச் செல்வனவற்றை மறுபுறமும் ஓயாது பிரித்து அனுப்புபவன் அவன். பின்னாளில் அவனுக்கு 'மாக்ஸ்வெல்லின் டீமன்' என்று பெயராயிற்று. 1963-ஆம் ஆண்டளவில் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் கணிப்பொறியோடு பாடுபட்டவர்கள், பின்னணியில் ஓயாது உழைக்கும் தம் நிரல்களுக்கு அவன் பெயரை எடுத்துக்கொண்டனர். பேய்க்கும் இதற்கும் உறவில்லை என்று அத்தாயைத் தேற்றி அனுப்பினோம்.

மீண்டும் நம் பொருளுக்கு வருவோம். பணிக்குறிப்பேட்டில் பதிந்திருக்கும் ஒவ்வொரு பணிக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. எப்போது கிளம்பவேண்டும் என்பது ஒன்று. இதைத் தூண்டல் என்கின்றனர். குறித்த நேரமாகவோ, நாம் பொறிக்குள் நுழையும் கணமாகவோ, பொறி சும்மா இருக்கும் வேளையாகவோ அது அமையலாம். எந்நிலையில் கிளம்பலாம் என்பது இரண்டாவது. மின்னிணைப்பு இருக்கவேண்டும், வலைத்தொடர்பு இருக்கவேண்டும் என்பனபோன்ற நிபந்தனைகள் இதில் அடங்கும். என்ன செய்யவேண்டும் என்பது மூன்றாவது. பெரும்பாலும் ஏதோ ஒரு நிரலை ஓடவிடுவதே அச்செயல்.

நம் வீடுகளின் இடர் எங்கே பிறக்கின்றது என்பதை இனிக் கூறுவோம். விண்டோஸ் 10-இல் தானியங்கும் பராமரிப்புக்கென்று இயல்பாகக் குறிக்கப்பட்ட நேரம் அதிகாலை 2 மணி. வட்டைச் சீர்செய்தல், தேவையற்ற கோப்புகளைக் கழித்தல் முதலிய பல வேலைகள் அவ்வேளைக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. இரவிலும் பொறியை அணைக்காமல், மின்சாரத்தோடு இணைத்தே வைத்திருக்கும் வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. நம் வீடுகளிலோ மின்கட்டணத்திற்கும் இடிமின்னலுக்கும் அஞ்சி, இரவு செபம் முடிந்தவுடன் செருகியையே பிடுங்கிவிடுகின்றோம். ஆகவே அதிகாலை வேலைகள் நடைபெறுவதில்லை. அவை தள்ளுபடியாவதும் இல்லை. 'குறித்த நேரம் தவறினால், இயன்ற விரைவில் ஓடுக' என்னும் கட்டளை பல பணிகளில் சேர்க்கப்பட்டுள்ளது. மறுநாள் காலை மகள் வகுப்புக்காகப் பொறியைத் திறந்தவுடன், நேற்றைய பாக்கி, அதற்கு முந்திய நாளின் பாக்கி, நுழைவுக் கணத்தில் கிளம்பவேண்டிய புதிய பணிகள் ஆகிய அனைத்தும் ஒரே வாயிலில் முட்டி மோதுகின்றன. சற்றே எழுந்து சென்றால், 'ஆளில்லை, இதுவே தருணம்' என்று இன்னும் சில கிளம்புகின்றன. மின்செருகியை மாட்டினால் மெதுவாகின்றது, பிடுங்கினால் சற்று விரைகின்றது என்று சிலர் சொல்லக் கேட்டு, இது வீண் பிரமை என்று நகைத்தவர்களும் உளர். அது பிரமையன்று. மின்னிணைப்பு இருந்தாலன்றி ஓடாதே என்னும் நிபந்தனை பல பணிகளுக்கு உண்டு. செருகியை மாட்டியதும் அவற்றுக்கு வழி திறக்கின்றது.

இனி, அமர்த்தியவர் யார் என்னும் கேள்விக்கு வருவோம். ஒரு பகுதி, விண்டோசை உருவாக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனமே வைத்தது. மறுபகுதி, நாம் ஏற்றிய ஒவ்வொரு நிரலும் தன் பங்குக்கு வைத்தது. உலாவியை ஏற்றினால், அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பணியைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்கின்றது. கூகிள் குரோமும் மைக்ரோசாப்ட் எட்ஜும் இவ்வாறு செய்கின்றன. மணிக்கொருமுறை எட்டிப்பார்க்கும் பணியும் அவற்றுள் உண்டு. அடோபி நிறுவனத்தின் ஆவணம் படிக்கும் நிரல் தனக்கென ஒன்று வைக்கின்றது. அச்சுப்பொறியின் குறுந்தட்டை ஏற்றினால், 'மை தீர்கின்றது, வாங்குக' என்று நினைவூட்டவும் ஒரு பணி வந்து அமர்கின்றது. நிரலை நீக்கினாலும் அது வைத்த பணி சில வேளைகளில் நீங்குவதில்லை. எசமான் வீட்டைக் காலிசெய்து போன பின்பும் அவர் வேலையாள் நாள்தோறும் வந்து பூட்டிய கதவைத் தட்டுவதைப் போல, இல்லாத நிரலைத் தேடி அப்பணி நாள்தோறும் கிளம்பித் தோற்றுத் திரும்புகின்றது.

சென்ற ஆண்டு நம் பங்கில் ஒரு வீட்டில் கண்டதைக் கூறினால் இது இன்னும் விளங்கும். தாய் தையற்காரர், கணவரை இழந்தவர். மூத்த மகள் படிக்கும்போது 2017-இல் வாங்கிய மடிக்கணிப்பொறியை இப்போது இளையவள் வணிகவியல் படிக்கப் பயன்படுத்துகின்றாள். வீட்டில் தனி வலைத்தொடர்பு இல்லை. தாயின் கைப்பேசியில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டம் உண்டு. அதிலிருந்தே கணிப்பொறிக்கும் பகிர்ந்துகொள்கின்றனர். "சாமி, காலை பத்து மணிக்குள்ளேயே நெட் தீர்ந்துபோகிறது. இவள் படம் பார்க்கிறாள் என்று நானும் திட்டிக்கொண்டே இருக்கிறேன். இல்லையென்று அழுகிறாள்" என்றார் தாய். மகள் தலைகவிழ்ந்து நின்றாள். தொலைவிலுள்ள மூத்தவளோ, "புதிதாக வாங்கிவிடலாம், அம்மா, தவணையில் தருகிறார்கள்" என்று சொல்லியிருந்தாள். வட்டிக்கணக்கைப் பார்த்தபோது நமக்கே நெஞ்சு கனத்தது.

நம் இளைஞர் குழுவில் கணிப்பொறி கற்ற தம்பி ஒருவரை அழைத்து, அவ்வீட்டிலேயே குறிப்பேட்டைத் திறந்து பார்த்தோம். விற்றுவிட்ட அச்சுப்பொறிக்கு இரண்டு பணிகள். எப்போதோ காலாவதியான வைரசுத் தடுப்பு நிரலின் எச்சமாக, 'பணம் கட்டுக' என்று நினைவூட்டும் பணி ஒன்று. மூத்தவளின் பழைய கைப்பேசியோடு படங்களைப் பொருத்தும் பணி ஒன்று. விளையாட்டுக் கடை ஒன்றின் புதுப்பிப்புப் பணி. அதன்வழியே எவரும் ஆடாத ஒரு விளையாட்டின் திருத்தங்கள் வாரந்தோறும் இறங்கிக்கொண்டிருந்தன. மகள்மீது சுமத்திய பழி யாரைச் சேரவேண்டியது என்பது விளங்கிற்று. தாய் ஒன்றும் பேசவில்லை. மகளின் தலையைத் தடவிவிட்டு, தையற்பொறிக்குத் திரும்பிவிட்டார்.

இன்னொன்றும் அங்கே இருந்தது; கூறாமல் விடுவதற்கில்லை. கடையில் விண்டோசை மறுபடியும் ஏற்றித் தந்தவர், உரிமம் வாங்காமல் திருட்டு வழியில் அதனை இயங்கச் செய்திருந்தார். பெரிய நிறுவனங்களுக்கென உள்ள ஒருவகை உரிமம் 180 நாள் மட்டுமே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதைப் போலி செய்யும் நிரல், தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் குறிப்பேட்டில் ஒரு பணியை இரகசியமாய் நட்டுவிடுகின்றது. முழு அதிகாரத்தோடு, எவர் எழுதியதென்று தெரியாத ஒரு நிரல், வீட்டின் கணிப்பொறியில் தவணைதோறும் ஓடுகின்றது என்பதே இதன் பொருள். வங்கிக் கணக்கைத் திறக்கும் பொறியில் இதை வைத்திருப்பது, திருட்டுச் சாவி செய்தவனிடமே வீட்டுச் சாவியையும் கொடுத்துவைப்பதாகும். பணம் கொடுத்த அத்தாய்க்கு இதில் யாதொன்றும் தெரியாது. கடைக்காரர் 'ஒரிஜினல்' என்றே சொல்லியிருந்தார்.

எப்படிப் பார்ப்பது? தொடக்கப் பொத்தானை அழுத்தி, தேடும் கட்டத்தில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் குறிப்பேடு திறக்கும். இடப்புறம் 'லைப்ரரி' என்றிருப்பதைச் சொடுக்குக. நடுவில் தோன்றும் பட்டியலில், வெளியார் வைத்த பணிகளே பெரும்பாலும் இருக்கும். மைக்ரோசாப்ட் தானே வைத்தவை அதே பெயருள்ள உட்பெட்டிக்குள் அடுக்கடுக்காய் இருக்கும். முதல் நாளிலேயே அங்கே நுழைய வேண்டா. ஒவ்வொரு பணிக்கும் நேரே, அது எப்போது கிளம்பும், கடைசியாக எப்போது ஓடியது, விளைவு என்ன என்பன எழுதப்பட்டிருக்கும். ஒரு பணியைத் தொட்டுக் கீழே 'ஆக்‌ஷன்ஸ்' என்னும் தாளைப் பார்த்தால், அது எந்த நிரலை, எந்தக் கோப்புறையிலிருந்து ஓடவிடுகின்றது என்பது தெரியும். பெயரை நம்பாமல் இந்த வரியைப் படிப்பதே தலையாய பழக்கம். பெயரை எவரும் எப்படியும் வைக்கலாம்.

'வெற்றி' என்று எழுதியிருப்பதையும் முழுக்க நம்புவதற்கில்லை. இதற்கு நல்ல சான்று ஒன்றுண்டு. பதிவகம் எனப்படும் முதன்மை ஏட்டை நகலெடுத்து வைக்க விண்டோசில் ஒரு பணி உண்டு. 2018-இல் வந்த பதிப்பிலிருந்து, வட்டில் இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, அந்நகலெடுப்பை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பணியை மட்டும் நீக்கவில்லை. அது வழக்கம்போல் கிளம்புகின்றது. கோப்புகளும் இருக்கின்றன, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை, அளவு சுழியம். 'வெற்றியாக முடிந்தது' என்று அறிக்கை எழுதுகின்றது. நகல் இருக்கின்றதென்று எண்ணியிருந்தவர்கள், பொறி பழுதான நாளன்று வெறுங்கூட்டைக் கண்டனர். பெரிய நிறுவனங்களின் ஒழுங்கும் சில வேளைகளில் இப்படித்தான் இருக்கின்றது.

வேண்டாததென்று உறுதியான பணியை அழிக்காதீர்கள், முடக்குங்கள். வலப்பொத்தானை அழுத்தினால் 'டிசேபிள்' என்றும் 'டிலீட்' என்றும் இரண்டும் தோன்றும். முன்னதைத் தேர்ந்தால் பணி உறங்கும். தேவையெனில் மறுநாள் எழுப்பலாம். பின்னதைத் தேர்ந்தால் மீட்பதற்கு வழியில்லை. ஒரே நாளில் பத்துப் பணிகளை முடக்குவதும் தகாது. பிறகு அச்சுப்பொறி இயங்கவில்லையெனில், பத்தில் எது காரணமென்று கண்டறிவது பெரும்பாடு. ஒன்றிரண்டை முடக்கி, ஒரு வாரம் பார்த்து, மேலே செல்க. எதை எப்போது முடக்கினோம் என்று பிள்ளையின் பழைய குறிப்பேட்டிலேனும் எழுதிவைக்கவேண்டும். நிரல் முழுவதுமே வேண்டாமெனில் பணியோடு மல்லுக்கட்டுவானேன்? நிரலையே முறைப்படி நீக்கிவிட்டு, எச்சம் உளதா என்று பின்னர்ப் பார்ப்பதே முறை.

எவற்றைத் தொடலாகாது என்பதிலேதான் மிகுந்த கவனம் வேண்டும். 'டிஃபெண்டர்' என்னும் பெயர் தாங்கிய பணிகள் வைரசுகளைத் தேடுபவை, இருக்கட்டும். விண்டோசைப் புதுப்பிப்பவை இருக்கட்டும். கடிகாரத்தைச் சரிசெய்வது இருக்கட்டும். நேரம் தவறினால் வங்கியின் பக்கமே திறக்க மறுக்கும். உலாவியைப் புதுப்பிக்கும் பணி மணிக்கொருமுறை ஓடுகின்றதே என்று சிலர் பொறுமையிழந்து முடக்குகின்றனர். அது தவறு. அடிக்கடி ஓடுவது வேறு, அதிகம் உண்பது வேறு. அது வந்து கேட்டுவிட்டுப் போவது சில நொடிகளே. அதை நிறுத்தினால், ஓட்டை தெரிந்த உலாவியோடு மாதக்கணக்கில் உலவ நேரிடும். வட்டைச் சீர்செய்யும் வாராந்திரப் பணியைப் பற்றியும் ஒரு தவறான கருத்து உலவுகின்றது. 'எஸ்எஸ்டி' எனப்படும் புதுவகை வட்டுக்கு அது கேடு, முடக்கிவிடுக என்று பலர் சொல்கின்றனர். விண்டோஸ் வட்டின் வகையை அறிந்து, சுழலும் வட்டானால் துண்டுகளை ஒன்றுசேர்க்கின்றது. எஸ்எஸ்டி ஆனால், அழிக்கப்பட்ட இடங்கள் எவையென்று வட்டுக்கு அறிவிக்கும் வேலையைச் செய்கின்றது. இரண்டுக்கும் அது நன்மையே.

ஐயத்துக்கு இடமானது மற்றொன்று. பொறியில் என்னென்ன நிரல்கள் உள்ளன, புதிய பதிப்போடு அவை பொருந்துமா என்று கணக்கெடுத்து மைக்ரோசாப்டுக்கு அனுப்பும் பணி ஒன்றுண்டு. 'கம்பாட்டிபிலிட்டி அப்ரைசர்' என்று பெயர். பழைய சுழல்வட்டுள்ள பொறிகளில் இது கிளம்பும்போது வேறெதுவும் நகராது. இதனை முடக்கினால் அன்றாட வேலைக்கு இடையூறு நேர்வதில்லை. நம் வீட்டுப் பொறியின் கணக்கை அயலார் எடுத்துச் செல்வதற்கு நம் இசைவு தெளிவாகக் கேட்கப்படவேண்டும் என்பது நம் கருத்து. நீண்ட உடன்படிக்கையின் அடியில் 'சம்மதம்' என்று சொடுக்க வைப்பதை இசைவென்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

தீயோரும் இக்குறிப்பேட்டை நன்கறிவர். 2010-இல் உலகறிந்த 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் நச்சுநிரல், ஈரானின் யுரேனியச் செறிவூட்டல் பொறிகளைக் குறிவைத்தது. அது பொறிக்குள் உயர்ந்த அதிகாரம் பெறுவதற்குப் பயன்படுத்திய ஓட்டைகளுள் ஒன்று, இந்தப் பணிக்குறிப்பேட்டிலேயே இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோசாப்ட் அதை அடைத்தது. 2022 ஏப்ரலில் அதே நிறுவனம் 'தாராஸ்க்' என்னும் மற்றொன்றைப் பற்றி அறிவித்தது. அது தன் பணியைக் குறிப்பேட்டில் பதிந்தபின், பதிவகத்தில் ஒரு சிறு மதிப்பை அழித்துவிடும். பிறகு பட்டியலில் அப்பணி கண்ணுக்கே படாது. இத்தகையவை சாமானியர் வீட்டைத் தேடி வருதல் அரிது. ஆயினும் எளிய வகைகள் வருகின்றன. பொருளற்ற எழுத்துக்கோவையைப் பெயராகக் கொண்ட பணி, தற்காலிகக் கோப்புறையிலிருந்து ஓடும் நிரல், 'பவர்ஷெல்' என்று தொடங்கிப் படிக்கவியலாத நீண்ட எழுத்துத் தொடரோடு முடியும் கட்டளை ஆகியவற்றைக் கண்டால், அறிந்தவரிடம் காட்டாமல் விடாதீர்கள். மைக்ரோசாப்டே இலவசமாய்த் தரும் 'ஆட்டோரன்ஸ்' என்னும் கருவி இதற்கு உதவும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதியது. 2006-இல் அவர்கள் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கிற்று. தானே கிளம்புவன அனைத்தையும் அது ஒரே இடத்தில் காட்டும். மைக்ரோசாப்டின் பணிகளை மறைத்து, வெளியார் வைத்தவற்றை மட்டும் காட்டவும் செய்யும். தேடும் நிரலே இல்லாத எச்சப் பணிகள் மஞ்சள் நிறத்தில் தோன்றும்.

"உங்கள் கணிப்பொறியில் 1,482 பிழைகள் உள்ளன" என்று மிரட்டி, ஒரே சொடுக்கில் துடைத்துத் தருவதாகக் கூறும் தூய்மைக் கருவிகள் வேண்டவே வேண்டா. அவற்றுட் பலவும் வந்தவுடன் செய்யும் முதல் வேலை, குறிப்பேட்டில் தமக்கொரு பணியைப் பதிந்துகொள்வதேயாம்! இதனினும் கொடியது தொலைபேசி வழி வருவது. 'மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம்' என்பர். பொறியிலுள்ள நிகழ்வுப் பதிவேட்டைத் திறக்கச் சொல்வர். எந்த நல்ல பொறியிலும் அங்கே எச்சரிக்கைகளும் பிழைக்குறிப்புகளும் நூற்றுக்கணக்கில் இருக்கும், அது இயல்பு. அவற்றைக் காட்டி, 'பார்த்தீர்களா, அத்தனையும் வைரசு' என்று அச்சுறுத்தி, பொறியின் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு மாற்றச் சொல்லிப் பணம் பறிப்பர். பிள்ளைகள் அயல்நாட்டிலிருக்க, தனித்து வாழும் முதியோர் நம் பங்குகளில் பலர். மைக்ரோசாப்ட் நிறுவனம் தானாக எவர் வீட்டையும் தொலைபேசியில் அழைப்பதில்லை என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, தாத்தாவின் மேசைமேல் ஒட்டிவைத்தல் நலம்.

அத்தையல் வீட்டில் நாம் செய்ததையும் கூறிவிடுகின்றோம். வேண்டாத ஐந்து பணிகளை ஒரு மாதத்தில் படிப்படியாக முடக்கினோம். எச்சமாய்க் கிடந்த நிரல்களை நீக்கினோம். கைப்பேசி வழி வரும் இணைப்பை 'மீட்டர் இணைப்பு' என்று அமைப்புகளில் குறித்தோம். வலையமைப்புப் பகுதியில், அவ்விணைப்பின் பண்புகளில் உள்ள ஒரே ஒரு பொத்தான் அது. அளந்து கொடுக்கப்படும் இணைப்பென்று தெரிந்துகொண்டால், விண்டோஸ் பெரிய பதிவிறக்கங்களைத் தள்ளிவைக்கும். கைப்பேசியைப் பகிரும் எல்லா வீட்டாரும் இதை இன்றே செய்யலாம். ஆனால் அப்படித் தள்ளிவைத்த புதுப்பிப்புகளை மாதம் ஒருமுறையேனும், வேறிடத்தில் நல்ல இணைப்புக் கிடைக்கும்போது, ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பங்கு அலுவலக இணைப்பைக் கொடுத்தோம். இப்போது 1.5 ஜிபி மாலைவரை நிற்கின்றது.

திருட்டு உரிமத்தை என்ன செய்வதென்பது எளிதாக இல்லை. பணியை மட்டும் முடக்கினால் போலி நிரல் உள்ளேயே இருக்கும். மடிக்கணிப்பொறியின் அடியைத் திருப்பிப் பார்த்தபோது, அது வாங்கப்பட்டபோதே உண்மையான விண்டோஸ் 10 உரிமத்தோடு வந்தது என்பது தெரிந்தது. கடைக்காரர் அதைப் பொருட்படுத்தாமல் வேறு வகையை ஏற்றியிருக்கின்றார்! படங்களையும் பாடங்களையும் வெளிவட்டில் நகலெடுத்துவிட்டு, அந்தத் தம்பி மைக்ரோசாப்டின் தளத்திலிருந்தே இறக்கிய பதிப்பை ஏற்றினார். உரிமம் தானாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு பைசாவும் செலவில்லை.

இத்தனையும் செய்தும் அப்பொறி புதியதாகிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பணிகளை முடக்குவதால் நெரிசல் குறையும். சுழலும் வட்டின் வேகம் கூடாது. கூடவேண்டுமெனில் அவ்வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வட்டைப் பொருத்தவேண்டும். புதிய கணிப்பொறியின் விலையில் அது ஒரு சிறு பங்கே. பண்டிகைத் துணிகள் தைத்து வந்த பணத்தில் சென்ற டிசம்பரில் அதையும் மாற்றிக்கொண்டனர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனருக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரையே. விண்டோஸ் 11-க்கு இப்பொறியின் வயது இடங்கொடாது. ஆகவே லினக்சு வகை ஒன்றை ஏற்றிப் பழக மகளுக்கு அந்தத் தம்பி கற்றுத்தருகின்றார். அங்கேயும் பணிக்குறிப்பேடு உண்டு. 1979-இன் கிரான் வேறு உருவில் இன்னும் உயிரோடிருக்கின்றது.

விண்டோசிலேயே தொடர்வோர் ஒன்றை நினைவிற்கொள்க. ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின், நாம் முடக்கிய பணிகளுட் சில மறுபடியும் விழித்துக்கொள்வதுண்டு. அப்போது குறிப்பேட்டைத் திறந்து, முன்பு எழுதிவைத்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கால்மணி நேரம் போதும்.